காற்று மட்டும் போதும்

மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர்க் குழாய் இறங்குகிற பதினேழு கிலோமீட்டர் பாதையில், வாரத்துக்கு ஆறு நாள் சைக்கிளில் போய் வருவதுதான் அவள் வேலை. வழியில் நாற்பத்திரண்டு இடத்தில் குழாயின் மேல் அழுத்தம் காட்டும் மீட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றையும் நின்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, பதினொரு மணிக்குள் அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். எங்காவது எண் இறங்கியிருந்தால் அங்கே குழாய் கசிகிறது என்று அர்த்தம். பாதை ஓர் ஆள் அகலம்தான். நடுவில் ஏழு நடைபாலங்கள். மோட்டார் சைக்கிள் போகாது. ஒன்பது வருடமாக அவள் போய்க்கொண்டிருந்தாள். பாதையோரத்து வீடுகளில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர்.

அந்த வருடம் பாதையோரத்து முட்புதர்களை வெட்டும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரர் எடுத்தார். வெட்டினார், வாரவில்லை. வெட்டிய கிளைகள் பாதையிலேயே கிடந்து காய்ந்தன. பச்சையாக இருந்தபோது வளைந்து கொடுத்த முள், காய்ந்தபின் ஆணியாகிவிட்டது. ஒரே வாரத்தில் நான்கு பஞ்சர். டயரைக் கழற்றி, டியூபை உருவி, ஒட்டுப் போட்டு, மறுபடி மாட்டிக் காற்றடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தபோது மணி பன்னிரண்டேகால்.

சூப்பர்வைசர் கத்துகிற ஆள் இல்லை. அலுத்துக்கொள்கிற ஆள்.

"மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது, சொல்லுங்க."

"முள்ளு சார்."

"நேத்தும் முள்ளு, முந்தாநேத்தும் முள்ளு. பேசாம நீங்க பில் கவுன்ட்டருக்கு வந்துடுங்களேன். ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. வயசு நாப்பத்தஞ்சு ஆகுது. பாதைக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். கவுன்ட்டரில் உட்கார்ந்து மூன்று மாதம் வேலை பார்த்த அனுபவம் அவளுக்கு இருந்தது. எதிரில் கண்ணாடி, கண்ணாடியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் எப்போதும் ஒருவர் வாய்.

"ரெண்டு வாரம் குடுங்க சார். அதுக்கப்புறமும் லேட் ஆச்சுன்னா நானே வந்து உக்காந்துக்கறேன்."

மறுநாள் மாலை சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் டயரைத் தடவிப் பார்த்தார்.

"டியூபே வேணாம்னு முடிவு பண்ணிடுங்க. இந்த ரிம், இந்த டயர் ரெண்டுமே அதுக்குத் தோதானதுதான். டயருக்குள்ள நேரா பால் ஊத்திடுவோம். ரப்பர் பால். முள்ளு குத்தின உடனே பால் ஓடிவந்து ஓட்டையில உறைஞ்சுடும். நீங்க நிக்கக்கூட வேணாம்."

"அப்ப காத்து எங்க நிக்கும்?"

"டயரும் ரிம்மும் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். ரிம்முக்குள்ள கம்பி வர்ற ஓட்டையெல்லாம் இருக்கு பாருங்க, அதை மட்டும் டேப் ஒட்டி அடைச்சுடணும். விட்டுட்டுப் போங்க, நான் போட்டு வைக்கிறேன்."

"வேணாம். எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க. நான் போட்டுக்கறேன்."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். டேப், இரண்டு வால்வு, ஒரு புட்டி பால், பால் ஏற்ற ஒரு சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். டேப்பில் கடையில் ஒரே அளவுதான் இருந்தது, அதையே தந்தார். அது அவளுடைய ரிம்முக்குச் சரியான அளவா என்று அவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவள் தானே செய்கிறேன் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. பதினொரு வருடம் அவள் ஒரு கார் பெயின்டரின் மனைவியாக இருந்தாள். அவர் குடிக்கமாட்டார். கை நீட்டியதில்லை. குரல்கூட உயர்ந்ததில்லை. ஆனால் அவள் எதைக் கையில் எடுத்தாலும் பின்னாலிருந்து ஒரு கை வரும். "விடு, நான் பண்றேன்." சுவரில் ஆணி அடிக்கப் போனால், சுத்தியல் அவர் கைக்குப் போய்விடும். இறுகிய மூடி, அறுந்த செயின், வங்கிப் படிவம், எல்லாமே அப்படித்தான். அவர் செய்தால் நன்றாகவும் இருக்கும். அதுதான் கஷ்டம். குறை சொல்ல வழியே இல்லை.

ஒருமுறை அவர் வெளியூர் போயிருந்தபோது படுக்கையறை ஜன்னல் சட்டத்துக்கு அவள் பெயின்ட் அடித்தாள். இரண்டு நாள் வேலை. நீல நிறம். அவர் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது ஜன்னல் முழுவதும் தேய்க்கப்பட்டு, அதே நீலத்தில் கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருந்தது. அந்த மாதக் கடைசியில் அவள் தன் அக்கா வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டாள்.

அக்கா திரைச்சீலை தைப்பவள். கீழே தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து கேட்டாள்: "அடிச்சாரா?"

"இல்ல."

"வேற யாராவது..."

"அதெல்லாம் இல்லக்கா. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சுட்டார்."

நான்கு வருடம் கழிந்தும் அக்காவுக்கு அது விளங்கவில்லை. கேட்பவர்களிடம், ஏதோ ஜன்னல் தகராறு என்று சொல்லிவைத்தாள். விவாகரத்துக்கு இருவருமே மனுப் போடவில்லை. போடுவதானால் ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது பேச வேண்டும். அதற்கு இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மாடி அறையில் பழைய செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தாள். டயர்களைக் கழற்றினாள். டியூப்களை உருவினாள், ஒன்றில் மட்டும் பதினாறு ஒட்டு இருந்தது. ரிம்மைத் துணியால் துடைத்து, கம்பி ஓட்டைகளின் மேல் டேப்பை ஒரு சுற்று சுற்றினாள். வால்வு வரும் இடத்தில் கத்தி முனையால் கீறித் துளை போட்டு, வால்வைச் செருகித் திருகினாள். டயரை மாட்டினாள். கடைக்காரர் சொன்னபடி ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினாள். பம்பை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.

இருநூறு அடி அடித்திருப்பாள். உள்ளே போன காற்று, போன வேகத்திலேயே ஓரங்களில் புஸ்ஸென்று வெளியே வந்தது. டயர் அசையவே இல்லை.

அக்கா படியேறி வந்தாள். "என்னடி, மேல யானைக்கு மூச்சுத் திணறலா?"

"காத்து ஒரேயடியா உள்ள போனாத்தான் டயர் போய் ரிம்மைக் கவ்வும். கொஞ்சம் கொஞ்சமாப் போனா நிக்காது."

"பெட்ரோல் பங்குல போய் அடிச்சுக்கோயேன்."

அதையும் செய்து பார்த்தாள். பங்கில் இருந்தது புது மெஷின். டயரில் கொஞ்சமாவது காற்று இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் வேலை செய்யாது. காற்றே இல்லாத டயரைக் கண்டதும் அது மூன்று முறை கூவிவிட்டு ஓய்ந்தது.

திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாப்பிள்ளையோட பெயின்ட் ஷெட்டுல பெரிய கம்ப்ரசர் இருக்கே."

சூப்பர்வைசரிடம் கேட்ட இரண்டு வாரத்தில் இரண்டு நாள் போயிருந்தது. திங்களும் செவ்வாயும் சக்கரங்களில் மறுபடி டியூபைத் திணித்துக்கொண்டு பாதைக்குப் போனாள். செவ்வாயன்று மறுபடி பஞ்சர். புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் டியூபை உருவி, வால்வை மறுபடி திருகினாள். டேப் ஒட்டிய சக்கரங்கள் இரண்டையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஷெட்டின் தகரக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். வாசலில் நின்றவளுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று புரியவில்லை. முன்பெல்லாம் என்னங்க என்பாள். இப்போது அது சரியில்லை. பெயர் சொல்லி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதை இன்றைக்கு ஆரம்பிக்க முடியாது. கடைசியில் தகரக் கதவை விரல் முட்டியால் தட்டினாள்.

அவர் முகமூடியோடு திரும்பினார். பக்கத்தில் ஒரு கார் நின்றது. அதன் கண்ணாடி, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் காகிதத்தாலும் டேப்பாலும் மூடி, ஒரே ஒரு கதவை மட்டும் மூடாமல் விட்டிருந்தார். தூசி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தது. முகமூடியைக் கீழே இறக்கினார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

"காத்து வேணும்," என்றாள்.

"காத்தா?"

"இந்த ரெண்டு டயருக்கும். காத்து மட்டும் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் கை தானாகச் சக்கரத்தை நோக்கி நீண்டது. அவள் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து, உள்ளே தூசி போயிருக்கிறதா என்று டயரை ஒரு பக்கம் விலக்கிப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். அவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"அந்தக் காத்துத் துப்பாக்கிய எடுத்துக்கோ," என்றார். "வால்வு மேல நேரா வச்சு அழுத்து. விசைய கொஞ்சம் கொஞ்சமா அழுத்தாத. ஒரே அழுத்து."

அவள் அழுத்தினாள். டயர் உப்பியது, ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டப்பென்று ஒரு வெடி, உடனே இன்னொன்று. அவள் துள்ளிவிட்டாள். டயரின் ஓரம் சுற்றிலும் ரிம்மைக் கவ்வி ஒரே கோடாக நின்றது. இரண்டாவது சக்கரமும் அப்படியே. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சால் வால்வு வழியாகப் பாலை ஏற்றினாள். ஊசியைத் திரும்ப மாட்டி, மறுபடி காற்றடித்து, சக்கரத்தைத் தூக்கி எல்லாப் பக்கமும் ஆட்டி, சுழற்றி, பால் உள்ளே பரவும்படி செய்தாள். முழு நேரமும் அவர் பாக்கெட்டில் கைவைத்தபடி நின்றார். நெற்றியில் வியர்த்திருந்தது.

"வரேன்," என்றாள்.

"ம்."

விடிந்து பார்த்தபோது இரண்டு டயரும் தரையோடு தரையாக இருந்தன. கம்பி ஓட்டைகளிலிருந்து வெள்ளைப் பால் சொட்டி, செய்தித்தாளில் உறைந்திருந்தது. டியூபை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, மாலை வந்து டேப்பை உரித்தாள். டேப்புக்கு அடியில் முழுக்கப் பால். அப்போதுதான் அவள் அளந்து பார்த்தாள். டேப் ரிம்மின் அகலத்துக்கு எட்டவில்லை. இரண்டு பக்கமும் ஒரு நெல்லளவு குறைந்தது. அந்த விளிம்பின் வழியாகத்தான் காற்று உள்ளே புகுந்து டேப்பைத் தூக்கியிருந்தது.

ஷெட்டில் அவர் குனிந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. நாள் முழுவதும் டேப் ஒட்டிப் பிழைக்கிற மனிதர். கண்ணாடி ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பெயின்ட் உள்ளே போய்விடும் என்று அறிந்தவர்.

அவள் சக்கரங்களோடு நேரே ஷெட்டுக்குப் போனாள். இந்த முறை கதவைத் தட்டவில்லை.

"நேத்தே உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"டேப்பு."

அவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"காத்து மட்டும் போதும்னியே."

"அதுக்காக? பாத்துக்கிட்டே நிப்பீங்களா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? வந்துட்டாரு பெரிய மேதாவின்னு சக்கரத்தத் தூக்கிட்டுப் போயிருப்பே. சொல்லலேன்னா இப்படி வந்து நிக்கிறே. நான் எந்தப் பக்கம்தான் போறது? நீயே சொல்லு."

அவள் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் பிழை இல்லை. நேற்று அவர் வாயைத் திறந்திருந்தால் அவள் நிச்சயம் போயிருப்பாள். அதை ஒப்புக்கொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"கை வைக்காம சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"எனக்கு அது வராது. தப்பு கண்ணுல பட்டா கை போயிடும். அதான் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அரை மணி நேரம் எப்படி நின்னேன்னு எனக்குத்தான் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்த ஜன்னல்ல பிரஷ் கோடு தெரிஞ்சுது," என்றார்.

"தெரிஞ்சா என்ன?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரிஞ்சா என்னன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. நீ போன அன்னிலேருந்து யோசிச்சுப் பாக்கறேன். தெரியக்கூடாதுன்னுதான் தோணுது."

நான்கு வருடத்தில் அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் விளக்கம் அது. அது மன்னிப்பு இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் ஒரு பகுதி, எதற்கென்று தெரியாமல், அங்கேயே தீர்ந்துபோனது.

"சரி. இப்ப சொல்லுங்க. வாயால மட்டும்."

அவர் கைகளைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு சொன்னார். முதலில் ஸ்பிரிட்டால் ரிம்மைத் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் விரல் படக்கூடாது, பட்டால் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். டேப் அகலம் பற்றவில்லையென்றால் புது டேப் தேட வேண்டாம், இரண்டு சுற்று சுற்றினால் போதும். ஒன்று இடது ஓரத்தைத் தொட்டபடி, இன்னொன்று வலது ஓரத்தைத் தொட்டபடி. நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். வால்வுக்குக் கத்தியால் கீறக்கூடாது. கீறினால் கிழிசல் ஓடும். ஊசியைச் சூடாக்கிக் குத்த வேண்டும்.

அவள் செய்தாள். இரண்டு இடத்தில் அவர், "அங்க குமிழ் இருக்கு," என்றார். ஒருமுறை அவர் வலது கை மணிக்கட்டு வரை வெளியே வந்துவிட்டுத் திரும்பிப் போனது. ஓர் இடத்தில் மட்டும் அவள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. டேப்பை வால்வு இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பி என்றார். அவள் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் ஆரம்பித்தாள். "அங்க வேணாம், சொல்றேன்ல," என்றார். "எனக்கு இங்கதான் வசதி," என்றாள். அவர் மூக்கால் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை இரண்டு டயரும் வைத்தது வைத்தபடி கல்லாக நின்றன.

பாதைக்கு ஏற்றபடி காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பினாள். டயர் கல்லின்மேல் தத்தாமல் அதைத் தழுவிக்கொண்டு ஏறியது. ஒன்பதாவது மீட்டரருகே முதல் முள். எடுத்துவிட்டுப் பார்த்தாள், மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு எழுந்து, உறைந்து நின்றது. அன்றைக்குப் பத்து இருபதுக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் ஒருநாள் பின்டயரில் பெரிய கிளையே ஏறி, பால் பீச்சியடித்து அவள் பின்னங்கால் முழுக்கத் தெறித்தது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, இருபது எண்ணினாள். சீறல் அடங்கியது. அன்றும் பத்தே முக்காலுக்குச் சொல்லிவிட்டாள்.

"என்ன, முள்ளெல்லாம் வாரிட்டாங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"இல்ல சார். அப்படியேதான் கிடக்கு."

கவுன்ட்டர் பேச்சு அத்தோடு நின்றது.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். அவள் ஷெட்டில் விட்டுவந்திருந்த சிரிஞ்சைக் கழுவித் துடைத்து ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அக்கா நாற்காலியைப் போட்டு, "உக்காருங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலைக்காகக் கடைக்குப் போனாள்.

தையல் மெஷினைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "நீ திரும்பி வர்றியான்னு கேக்கச் சொன்னாங்க."

"யாரு?"

"அண்ணி."

"அக்கா கேக்கறாளா, நீங்க கேக்கறீங்களா?"

அவர் நேர்மையாக, "அண்ணிதான்," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நாம அந்தக் கோர்ட்டுப் பேப்பரப் போட்டு முடிச்சுக்கலாமா? இப்பதான் நம்மால ஒரு மணி நேரம் பேச முடியுது."

அவர் சிரிஞ்சைச் சுற்றியிருந்த காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"ஒருநாள் அரை மணி நேரம் கைய கட்டிட்டு நின்னுட்டேன்," என்றார். "தினமும் என்னால முடியாது."

"தினமும் உங்க கைய பாத்துக்கிட்டு உக்கார என்னாலயும் முடியாது."

"முடிச்சுக்கலாம்," என்றார்.

நீதிமன்ற எழுத்தர் பருமனான, களைத்த பெண்மணி. ஒருவரையொருவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களையே அவர் பார்த்துப் பழகியிருந்தார். இவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேனாவால் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் அவள் தேதியைத் தப்பாக எழுதினாள். அவர் பார்த்தார். "மூணாவது வரி," என்று மட்டும் சொன்னார். அவள் அடித்துத் திருத்தினாள்.

எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்: "சமரசத்துக்கு வழியே இல்லையா?"

"சமரசமாத்தாங்க வந்திருக்கோம்," என்றார் பெயின்டர்.

ஆறு மாதத்தில் தீர்ப்பு வந்தது. தன் மனம் லேசாகும் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கினாள், அவ்வளவுதான். அவர் என்ன நினைத்தார் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஷெட்டின் தகரக் கதவைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட்டதாக அக்கா வந்து சொன்னாள்.

அக்காதான் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மெஷினில் உட்கார்ந்து நூல் கோத்தபடியே கேட்டாள்:

"எல்லாம் சரி. இனிமே அவர நான் என்னன்னு கூப்பிடறது?"

"பெயின்டர்னு கூப்பிடு."

"ஏன், கார் உரசிட்டுதுன்னு வந்து நிக்கிறேனா? மரியாதையா ஒண்ணு சொல்லு."

இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள். தம்பி என்றால் புதிதாக ஒட்டவைத்ததுபோல் இருந்தது. சார் என்றால் சிரிப்பு வந்தது. கடைசியில் அக்கா பல்லால் நூலைக் கடித்துவிட்டு, "போடி, நீ முடிச்சுக்கிட்டா நானும் முடிச்சுக்கணுமா," என்றாள். அதன்பிறகும் அக்கா அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டாள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.